செக்கர்ஸ்: பலகையிலிருந்து கைபேசிக்கு

செக்கர்ஸ் இருவர் ஆடும் பலகை விளையாட்டு. பிரிட்டனில் இதற்கு டிராஃப்ட்ஸ் என்று பெயர். சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களில் கருப்புக் கட்டங்கள் 32 மட்டுமே பயன்படும். ஆளுக்கு 12 காய். காய் குறுக்குவாட்டில் ஒரு கட்டம் முன்னேறும். எதிரியின் காய்க்கு அப்பால் கட்டம் காலியாக இருந்தால் தாண்டி வெட்டும். கடைசி வரிசையைத் தொட்டால் ராஜாவாகி, பின்னோக்கியும் நகரும்.

தாண்டி வெட்டும் இந்த முறை பழையது. காஸ்டிலை ஆண்ட பத்தாம் அல்போன்சோ 1283இல் முடித்த விளையாட்டு நூலில் 'அல்கெர்கே' விவரிக்கப்பட்டிருக்கிறது. 25 புள்ளிகள், ஆளுக்கு 12 காய், நடுப்புள்ளி மட்டும் காலி. இந்த ஆட்டம் பின்னர் பிரான்சில் சதுரங்கப் பலகைக்கு இடம் மாறியது என்பது பரவலான கருத்து. 1756இல் லண்டனில் வில்லியம் பெய்ன் டிராஃப்ட்ஸ் பற்றி நூல் வெளியிட்டபோது, அதற்கு முன்னுரை எழுதித் தந்தவர் அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன்.

கணினிக்காரர்களுக்கு இந்த ஆட்டம் சீக்கிரமே பிடித்துப்போனதில் வியப்பில்லை. 32 கட்டங்களுக்கு 32 பிட்டுகள் போதும். கருப்புக் காய்கள், வெள்ளைக் காய்கள், ராஜாக்கள் என மூன்றே எண்களில் முழுப் பலகையும் அடங்கிவிடும். கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி 1950களின் தொடக்கத்திலேயே பிரிட்டனில் இதற்கு நிரல் எழுதினார். ஐபிஎம்மின் ஆர்தர் சாமுவேல், ஆட ஆடத் தன்னைத் திருத்திக்கொள்ளும் நிரலை உருவாக்கினார். 'இயந்திரக் கற்றல்' என்ற தொடரைப் பரவலாக்கியது இதைப் பற்றி அவர் 1959இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைதான்.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் ஷேஃபர் குழு 1989இல் 'சினூக்' நிரலைத் தொடங்கியது. 1992இல் லண்டனில் உலக சாம்பியன் மாரியன் டின்ஸ்லி அதை 4–2 என வென்றார். 33 ஆட்டங்கள் சமன். 1994இல் மறுபடியும் மோதினார்கள். ஆறு ஆட்டங்கள் சமனான நிலையில் உடல்நலம் குன்றி டின்ஸ்லி விலகினார், மறுஆண்டு காலமானார். அந்தப் போட்டி முழுமையடையாமல் போனது இந்த ஆட்டத்தின் வரலாற்றில் பெரிய இழப்பு. 2007 ஏப்ரலில் ஷேஃபர் குழுவின் கணக்கு முடிந்தது: இருவரும் பிழையின்றி ஆடினால் முடிவு சமனே.

அதே ஆண்டு ஜூனில் ஐபோன் வந்தது. அதற்கு முன் பொத்தான் கைபேசிகளிலும் செக்கர்ஸ் இருந்தது; ஆனால் காயைத் தேர்ந்தெடுக்கவே விசையைப் பலமுறை அழுத்த வேண்டும். தொடுதிரையில் காயைத் தொட்டால் போகக்கூடிய கட்டங்கள் ஒளிரும், அவ்வளவுதான்.

கைபேசி கொண்டுவந்த பெரிய மாற்றம் விதியில் தெரிகிறது. வெட்ட வாய்ப்பிருந்தால் வெட்டியே ஆக வேண்டும். முன்பெல்லாம் ஒருவர் அதைத் தவறவிட்டால், வெட்டத் தவறிய காயையே எதிராளி எடுத்துவிடும் வழக்கம் இருந்தது. சண்டைக்குப் பஞ்சமிராது. கைபேசியில் அந்த வழக்கத்துக்கே இடமில்லை: வெட்டக்கூடிய காய் தவிர மற்றவை நகரவே மாட்டா. வீட்டில் கட்டாய வெட்டு இல்லாமல் ஆடிப் பழகியவர்கள் செயலி கெட்டுவிட்டது என்று எண்ணுவது இங்கேதான். ஒரு காயைப் பலி கொடுத்து எதிரியின் இரண்டைப் பறிக்கும் தந்திரம் முழுவதும் இந்தக் கட்டாயத்தில்தான் நிற்கிறது. அதை அணைத்துவைக்கும் வசதியைச் சில செயலிகள் தருகின்றன. அணைத்தால் ஆட்டத்தின் உயிரே போய்விடும்.

ஆடத் தொடங்குமுன் அமைப்புகளில் எந்த வகை என்று பார்த்துக்கொள்வது அவசியம். ரஷ்ய வகையில் சாதாரணக் காயும் பின்னோக்கி வெட்டும், ராஜா எத்தனை கட்டமும் பாயும். சர்வதேச வகைக்கு 100 கட்டங்கள், ஆளுக்கு 20 காய். பல வழிகள் இருந்தால் அதிகக் காய்களை வெட்டும் வழியையே எடுக்க வேண்டும். துருக்கியின் டாமாவில் காய்கள் குறுக்காக நகர்வதே இல்லை. நேராகவும் பக்கவாட்டிலும் மட்டுமே செல்லும். லிட்ராஃப்ட்ஸ் என்னும் இலவசத் திறமூலத் தளத்தில் இவற்றில் சில வகைகளை வெளிநாட்டவரோடும் ஆடலாம்.