கல்லாவி வட்டாரக் கற்பலகைகளும் நெருப்பால் பாறை உரிக்கும் தொழில்நுட்பமும்

முன்னுரை

கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்தைச் சார்ந்தது கல்லாவி. இங்கிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூரு வரை விரியும் எல்லைப்பகுதி, கருங்கல் பாறைகள் மிகுந்தது. இந்நிலப்பரப்பின் பழைய கட்டுமானங்களில் கற்பலகை தளமாகவும் கூரையாகவும் வேலியாகவும் பயன்பட்டுள்ளது. வெடிவைத்தால் பாறை ஒழுங்கற்ற துண்டுகளாகச் சிதறும். அவ்வாறிருக்க, சீரான தடிமனுடைய அகன்ற பலகைகளைப் பெயர்த்தெடுத்த முறைகளுள் ஒன்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

வார்த்தின் குறிப்பு

பெங்களூருப் பகுதியில் வழங்கிய முறையை எச். வார்த் 1895இல் ‘நேச்சர்’ இதழில் விவரித்துள்ளார். பாறையின் மேற்பரப்பில் ஏறத்தாழ 7 அடி நீளத்திற்கு விறகை வரிசையாக இட்டு எரித்தனர். நெருப்புக்கு முன்னுள்ள பகுதியைச் சுத்தியலால் தட்டினர். அடிப்பாறையிலிருந்து மேலடுக்கு விடுபட்டதை ஒலியால் உணர்ந்த பின்னரே விறகைச் சில அங்குலம் முன்னே தள்ளினர். இம்முறையில் 60 அடி நீளமும் 40 அடி அகலமும் அரை அடித் தடிமனும் கொண்ட பெரும்பலகைகளும் கிடைத்தன.

விரிவும் தடையும்

சூடேறும் மேலடுக்கு விரிய முற்படுகிறது. குளிர்ந்த அடிப்பாறையும் சுற்றியுள்ள பாறையும் அதைத் தடுக்கின்றன. இத்தடையால் எழும் தகைவு, மேற்பரப்புக்கு ஏறத்தாழ இணையான விரிசலாக வெளிப்படுகிறது. நெருப்பு நகர, விரிசலும் உடன் நகர்கிறது.

குளிர்நாடுகளில் இன்று அமைக்கப்படும் அடித்தளச் சூடாக்கத்திலும் இதே விசை செயற்படுகிறது. 3 மீட்டர் நீளக் கருங்கல் தளம் 20 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளும். அந்த நீட்சிக்கு இடமளிக்கவே சுவரோரத்தில் நெகிழ்பட்டையும் தளத்தினிடையே விரிவு இடைவெளியும் விடப்படுகின்றன. கட்டடப் பொறியாளர் தணிக்க முயலும் தகைவையே கல்லுடைப்போர் கருவியாகக் கொண்டனர். இன்றைய கருங்கல் ஆலைகளில் தீச்சுடரால் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும் முறையும் இவ்விதியையே சார்ந்தது.

முடிவுரை

வார்த்தின் குறிப்பு பெங்களூருக்குரியது. அதனைக் கல்லாவிக்கான நேரடிச் சான்றாகக் கொள்ளலாகாது. ஆயினும் ஒத்த பாறையும் ஒத்த பலகைப் பயன்பாடும் கொண்ட இவ்வட்டாரத்தில் கள ஆய்வு மேற்கொள்வதற்கு அது தக்க தொடக்கமாகும். விறகின் நீளமும் கல்லின் அளவும் அச்சேறின. எப்போது நெருப்பை நகர்த்துவது என்று செவியால் தீர்மானித்தவர்களின் பெயர்கள் ஏறவில்லை. முதிய கல்தொழிலாளரின் வாய்மொழியையும் தொழிற்சொற்களையும் இப்போதே பதிவு செய்தால்தான், உடலுழைப்பாக மட்டும் எண்ணப்பட்ட அவ்வறிவு தமிழகத் தொழில்நுட்ப வரலாற்றில் தனக்குரிய இடத்தைப் பெறும்.