ஒளியும் சாயநீரும்

அட்டன் நகரைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் வீழும் மழைநீர் மஸ்கெலியா ஓயா, கெகெல்கமு ஓயா என இரு கிளைகளாய் இறங்கிக் களனி கங்கையாகின்றது. அந்நீரே அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டுக் கொழும்பு மக்களுக்குக் குடிநீராகின்றது. இடையே சமவெளியில் அது பல தொழிற்சாலைகளின் அயலே செல்கின்றது. ஆதலின், நெசவாலைச் சாயக்கழிவை நீரிலிருந்து நீக்குவது எவ்வாறு என்னும் வினா, ஊற்றுக்கண்ணில் வாழும் மலைநாட்டார்க்கும் உரியதேயாம். அவ்வினாவுக்கு அறிவியல் அளித்த விடைகளுள் ஒன்றன் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

முன்னாளில் நம்மவர் அவுரி, சாயவேர் முதலியவற்றைக் கொண்டே ஆடைக்கு நிறமூட்டினர். 1856இல் இலண்டனில் வில்லியம் பேர்க்கின் என்னும் இளைஞர் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டார். அதன்பின் எழுந்த சாயங்கள் சலவைக்கும் வெயிலுக்கும் எளிதில் மங்காதவாறு ஆக்கப்பட்டன. துணியில் நற்குணமாக விளங்கிய அவ்வுறுதியே ஆற்றில் தீங்காயிற்று. நிறமேறிய நீரினுள் ஒளி புகாது; ஒளியின்றி நீர்த்தாவரம் உணவாக்க இயலாது.

தேயிலைச் சக்கை போன்ற பொருள்கள் சாயத்தை உறிஞ்சும் என ஆய்வாளர் காட்டியுள்ளனர். ஆயினும் உறிஞ்சுதல் சாயத்தை இடம் மாற்றுமேயன்றி அழிக்காது. அழிக்கும் வழி வேறொரு திசையிலிருந்து வந்தது. வெண்ணிறப் பூச்சுகளுக்குப் பயன்படும் தைத்தானியமீரொட்சைட்டு, ஒளி படுங்கால் தன்னை அடுத்த சாயத்தை வெளிறச் செய்யும் என்பதை 1938இல் இங்கிலாந்தில் குடீவ், கிச்சனர் ஆகியோர் ஆராய்ந்து வெளியிட்டனர். 1972இல் யப்பானிய அறிஞர் புஜிஷிமாவும் ஹொண்டாவும் அப்பொருளின்மேல் ஒளி பாய்ச்சி நீரையே பிரித்துக் காட்ட, உலகம் இத்துறையை நோக்கித் திரும்பியது. 1977இல் அமெரிக்காவில் பிராங்க், பார்ட் ஆகிய இருவர் நீரிலிருந்த சயனைட்டை இம்முறையால் சிதைத்தனர்.

இதன் இயல்பு எளிதில் விளங்கும். கழியூதாக்கதிர் பட்டதும் அப்பொருளில் இலத்திரன் ஒன்று எழும்பித் தன்னிடத்தில் வெற்றிடம் ஒன்றை விடும். இவை நீருடனும் ஒட்சிசனுடனும் தாக்கமுற்று வீரியமிக்க துணிக்கைகளைத் தோற்றுவிக்கும். அவை சாய மூலக்கூற்றைப் படிப்படியாய் உடைக்கும். தாக்கம் முற்றுப்பெறின் காபனீரொட்சைட்டு, நீர், எளிய உப்புகள் என்பனவே எஞ்சும். ஒளியூக்கியோ செலவாகாது நிற்கும்.

இவ்வாய்வு நம் மலைநாட்டிலும் நிகழ்ந்தது. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் கண்டியில் ஹந்தானை வீதியில் உள்ளது. ஊக்கித் தூள் மிக நுண்ணியது. பயன்பட்டபின் அதனை நீரிலிருந்து பிரித்தெடுத்தல் அரிது. இக்குறையை நோக்கிப் பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோனும் அவருடன் ஆய்ந்த இருவரும், தூளைப் பொலித்தீன் தாளில் பதித்து நீரின் சேதன மாசுகளைச் சிதைக்கும் முறையை 1995இல் வெளியிட்டனர். தைத்தானியம் செறிந்த இல்மனைற்று மணலும் நம் நாட்டுப் புல்மோட்டைக் கரையிலேயே உண்டு.

எனினும் மிகையாகப் புகழ்தல் தகாது. ஞாயிற்றொளியில் இவ்வூக்கிக்குப் பயன்படும் கழியூதாப் பகுதி ஏறத்தாழ நூற்றுக்கு 5 பங்கே. கடுநிற நீர் அவ்வொளியையும் மறைத்துவிடும். எனவே பிற முறைகளால் ஓரளவு தெளிந்த நீருக்கே இது சாலப் பொருந்தும்.

காலந் தாழ்த்தினால் விளைவதைத் திருப்பூர் உணர்த்துகின்றது. நொய்யலாறு சாயத்தால் கெட்டமையால், சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் 700க்கு மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூடுமாறு ஆணையிட்டது. உழவரும் ஆலைத் தொழிலாளரும் ஒருங்கே துயருற்றனர். ஒளியூக்கி எத்துணைச் சிறந்ததாயினும், கழிவு வாயிலைக் கடக்குமுன் ஆலையுள்ளேயே இடம்பெறுதல் வேண்டும். ஆற்றில் கலந்தபின் அதனைத் தேடிப் பயனில்லை. நம் விஞ்ஞானக் கூடங்களில் பயிலும் மாணவர், கண்டியில் தொடங்கிய பணியைக் களனிக் கரைவரை கொண்டுசெல்ல முன்வருவாராக.