சிலம்பக் கம்பு வாங்கப் போறீங்களா? முதல்ல மூங்கிலோட வயசைக் கேளுங்க!

சிலம்பம் கத்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டீங்க. 'அடுத்த வாரம் சொந்தக் கம்போட வாங்க'ன்னு மாஸ்டரும் சொல்லிட்டார். உடனே போனை எடுத்து ஆன்லைன்ல தேடுவீங்க. பளபளன்னு வார்னிஷ் அடிச்ச கம்பு, கலர் டேப் சுத்தின கம்பு, ஃபைபர் கம்பு, இருட்டுல ஒளிரும் எல்.இ.டி கம்புன்னு வரிசையா வந்து நிக்கும். நீளம் இருக்கும், விலை இருக்கும். அந்த மூங்கில் எத்தனை வருஷம் வளர்ந்தது, எந்த மாசம் வெட்டினதுங்கிற விவரம் மட்டும் இருக்காது. கம்போட உயிரே அந்த ரெண்டு விஷயத்துலதான் இருக்கு. பிஞ்சு மூங்கில் ஒருநாள் அடி வாங்கும்போது நீளவாக்குல பிளக்கும். அதோட சிலாம்பு உள்ளங்கையில ஏறினாலே ஒரு வாரம் கம்பைத் தொட முடியாது. எதிர்ல நிக்கிறவர் கண்ணுல பட்டா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

புதுச்சேரி கோரிமேட்டுல காவலர் பயிற்சிப் பள்ளி இருக்கு. அந்தப் பக்கம் போறப்ப ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. போலீஸ் லத்தியும் சிலம்பக் கம்பும் கிட்டத்தட்ட ஒரே வம்சம். பிளாஸ்டிக் லத்தி வர்றதுக்கு முன்னால லத்திக்குப் பெரும்பாலும் பயன்பட்டது கல் மூங்கில்தான். மற்ற மூங்கில் மாதிரி நடுவுல பெரிய ஓட்டை இருக்காது. வறண்ட இடத்துல வளர்ந்ததுன்னா கிட்டத்தட்ட கெட்டியாவே இருக்கும். கிழக்குத் தொடர்ச்சி மலையோட வறண்ட சரிவுகள்ல இது இயல்பா வளரும். தண்ணி கம்மியா குடிச்சு வளர்ந்ததுதான் நல்ல கம்பு!

புதுச்சேரியில மூங்கில் காடு கிடையாது. இங்க நம்ம கைக்கு வர்ற கம்பு எல்லாமே வெளியூர்ச் சரக்குதான். அதனால, எங்கிருந்து வந்ததுன்னு கடைக்காரர்கிட்ட கேக்குறதுல தப்பே இல்லை. ஒரு எச்சரிக்கை: ஏணிக்கும் சாரத்துக்கும் விற்கிற தடி மூங்கில் சிலம்பத்துக்கு ஆகாது. உள்ள பொள்ளல், பிடிக்கும் அடங்காது. 'நேரா இருக்கே, சல்லிசா கிடைக்குதே'ன்னு சவுக்குக் கம்பு பக்கமும் போயிடாதீங்க. நம்ம கடலோரத்துல சவுக்குக்குப் பஞ்சமே இல்லைதான். ஆனா கனம் அதிகம், அடிச்சா அதிர்வு முழுக்க மணிக்கட்டுக்கு வரும்.

மூங்கில் மரமில்லை, புல் வகை. முளை விட்ட சில மாசத்துலயே முழு உயரம், முழுப் பருமன் ரெண்டையும் எட்டிடும். அதுக்கப்புறம் பருக்காது. ஆனா முற்றுறதுக்கு மூணு, நாலு வருஷம் ஆகும். பார்க்க ஒரு வருஷக் கழியும் நாலு வருஷக் கழியும் ஒரே சைஸ்லதான் நிக்கும். ஏமாறுறது இங்கதான். புதர்ல நிக்கும்போது கண்டுபிடிக்கிறது சுலபம். இளசு பளிச்சுன்னு பச்சையா, மேல வெள்ளை மாவு பூசின மாதிரி, கணுவுல பாளை ஒட்டிக்கிட்டு இருக்கும். முற்றினது மங்கலா, அங்கங்க சாம்பல் நிறத் திட்டோட இருக்கும். வெட்டிக் காய்ஞ்ச பிறகு வாங்குற நமக்கு வேற வழி வேணும். கையில தூக்கிப் பாருங்க. அளவுக்கு ஏத்த கனம் இல்லாம, தோல் லேசா சுருங்கியிருந்தா அது பிஞ்சு. கணுக்கள் நெருக்கமா இருக்கணும். தரையில தட்டினா 'டங்'குன்னு கேக்கணும். கரகரன்னு சத்தம் வந்தா எங்கயோ கீறல் இருக்குன்னு அர்த்தம்.

அடுத்தது வெட்டுற மாசம். மூங்கிலுக்குள்ள இருக்கிற மாவுச்சத்து பருவத்துக்குப் பருவம் மாறும். வண்டு தேடி வர்றது அந்த மாவுக்காகத்தான். கம்புல ஊசி குத்தின மாதிரி ஓட்டை, கீழே மஞ்சள் பொடி தெரிஞ்சா விலையே கேக்காம நகர்ந்துடுங்க. மழை ஓய்ஞ்சு, குளிர்காலத்துல வெட்டினா மாவு குறைவு. வெட்டினதைச் சில வாரம் தண்ணியில ஊறப்போட்டு, நிழல்ல காயவெச்சா மீதி மாவும் குறையும். பழைய ஆசான்கள் கம்பைத் தண்ணியில ஊறப்போட்டதும், தண்ணி மேல அடிச்சு அடிச்சுப் பழக்கினதும் வெறும் சடங்கில்லை. வளைவு இருந்தா அனல்ல வாட்டி நிமிர்த்துவாங்க. முனை பிளக்காம இருக்க உலோகப் பூண் போடுறதும் உண்டு. இந்தக் காலத்துல போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசல்ல ஊறவைக்கிற முறையும் இருக்கு.

நீளம்? நேரா நின்னா நெற்றியைத் தொடணும். புருவம் வரை போதும்னு சொல்ற ஆசான்களும் இருக்காங்க. உங்க மாஸ்டர் சொல்றதைக் கேளுங்க. சின்னப் பசங்களுக்கு முதல் வருஷம் பிரம்பு நல்லதுன்னு எனக்குத் தோணுது. அது உள்ளே முழுக்கக் கெட்டி, வளைஞ்சு கொடுக்கும், பழசானா நார் நாரா பிரியுமே தவிர கூர்மையா பிளக்காது. ஃபைபர் கம்பு மேடையில சுத்திக் காட்ட ஓகே. அடி, தடுப்புன்னு எதிரெதிரா நின்னு ஆடுறதுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தக் கவலை நமக்கு மட்டும்தான்னு நினைக்காதீங்க. அயர்லாந்துல 'ஹர்லிங்'னு ஒரு பழமையான மட்டை விளையாட்டு இருக்கு. 2018-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது. அதோட மட்டைக்கு ஆஷ் மரத்தோட அடிப்பகுதிதான் வேணும். வேர் பக்கம் வளையுற இடத்துல மரத்தோட ரேகையும் சேர்ந்து வளையும், மட்டையோட வளைவுக்கு அதுதான் பலம். 2012-ல அந்த மரங்களைக் கொல்லும் பூஞ்சை நோய் அயர்லாந்துக்குள்ள வந்தது. ஏற்கெனவே பெருமளவு மரம் வெளிநாட்டுல இருந்துதான் வந்துட்டிருந்தது, இப்ப உள்ளூர் மரத்து மேல இருந்த நம்பிக்கையும் ஆட்டம் கண்டுடுச்சு. மாற்றா அவங்க எடுத்ததுல ஒண்ணு என்ன தெரியுமா? மூங்கில்!

நம்ம மூங்கிலுக்கும் ஒரு கெடு உண்டு. பல பத்தாண்டுக்கு ஒருமுறை ஒரு பகுதியில இருக்கிற புதர்கள் மொத்தமா பூத்து, மூங்கில் அரிசி கொட்டி, செத்துப்போகும். விதை முளைச்சு மறுபடி கம்பு தர்ற அளவுக்கு வளரப் பல வருஷம் காத்திருக்கணும். 2024 ஜனவரியில தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுல சிலம்பம் முதல்முறையா காட்சிப் போட்டியா இடம்பிடிச்சது. கத்துக்கிறவங்க கூடக் கூட கம்பும் கூடுதலா வேணும். ஆனா, கம்பு எங்கிருந்து வரப்போகுதுன்னு பேசுறவங்களைக் காணோம்.

இடம் இருந்தா நீங்களே வளர்க்கலாம். 2017-ல வனச் சட்டத்தைத் திருத்தி, 'மரம்'ங்கிற பட்டியல்ல இருந்து மூங்கிலை எடுத்துட்டாங்க. அதனால சொந்த நிலத்து மூங்கிலை வெட்டுறது முன்னைவிட சுலபம். காட்டு மூங்கிலுக்கு இது பொருந்தாது, அனுமதி இல்லாம அங்க கை வெச்சா வழக்குதான். புதர்ல முதல் ரெண்டு வருஷக் கழிகளைத் தொடாதீங்க, அடுத்த முளைக்குச் சாப்பாடு அதுங்கதான். முற்றினதை மட்டும், தரையிலிருந்து முதல் கணுவுக்கு ஒட்டி மேல வெட்டுங்க. கணுவுக்கு ரொம்ப மேல வெட்டினா மிச்சக் குழாய்ல மழைத்தண்ணி தேங்கி, கிழங்கு அழுகிடும்.

வாங்கினது எதுவா இருந்தாலும், சுவத்துல சாய்ச்சு வைக்காதீங்க, வளைஞ்சிடும். படுக்கப் போடுங்க, இல்லைன்னா தொங்கவிடுங்க. ஐப்பசி, கார்த்திகையில நம்ம ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். துணியால துடைச்சு, மாசம் ஒருமுறை வேப்பெண்ணெய் தடவுங்க. வகுப்புக்குக் கிளம்புறதுக்கு முன்னால ஒரு பழைய பருத்தித் துணியைக் கம்பு முழுக்க இழுத்துப் பாருங்க. துணி எங்க மாட்டுதோ, அங்க சிலாம்பு கிளம்பியிருக்கு.