குவாதலூப் தீவும் நம் முன்னோரும்

பள்ளியில் உலகப் படத்தை விரித்து மாணவரிடம் கரிபியன் கடலைக் காட்டும்பொழுது, அங்குள்ள சிறு தீவுகளுக்கும் நமக்கும் யாதொரு தொடர்புமில்லை என்றே அவர்கள் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறானது என்பதை விளக்கவே இச்சிறு கட்டுரையை வரைகின்றோம்.

குவாதலூப், விரித்த வண்ணத்துப்பூச்சி போன்ற வடிவினது. பாஸ்தேர், கிராந்தேர் எனும் இரு பெருந்தீவுகளை ஒரு குறுகிய உப்புக் கால்வாய் பிரிக்கின்றது. 1,467 மீட்டர் உயரமுள்ள சூஃப்ரியேர் எரிமலை அங்குள்ளது. கரும்பும் வாழையும் முதன்மைப் பயிர்கள். 1493இல் கொலம்பசு கண்ட இத்தீவைப் பிரெஞ்சுக்காரர் 1635இல் கைக்கொண்டனர். ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக்கிக் கரும்பு விளைவித்தனர். பிரெஞ்சுப் புரட்சியின் பயனாய் 1794இல் அடிமைத்தளை அறுந்தது. ஆயினும் 1802இல் நெப்போலியன் ஆட்சி அதனை மீண்டும் பூட்டியது. இறுதி விடுதலை 1848இல்தான் வந்தது. ஒருமுறை பெற்ற உரிமையும் பறிபோகக்கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

விடுதலை பெற்றோர் பலர் தோட்டங்களை விட்டு நீங்கவே, முதலாளிகள் இந்தியாவை நாடினர். 1854ஆம் ஆண்டு டிசம்பரில் 'ஒரேலி' என்னும் கப்பல் முதற்கூட்டத்தைக் கொண்டு சேர்த்தது. 1889 வரை நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் சென்றனர். புதுச்சேரியும், நம் வேதாரணியத்துக்கு வடக்கே நாகைக்கு அப்பாலுள்ள காரைக்காலும் அவர்கள் கப்பலேறிய துறைகள். பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் விரட்ட, ஐந்தாண்டு ஒப்பந்தத்திற் கைநாட்டிட்டனர். பல்லாயிரவர் நோயாலும் உழைப்பாலும் மாண்டனர். எஞ்சியோர் தாய்மொழியைப் பெரும்பாலும் இழந்தனர்; ஆனால் மாரியம்மனையும் மதுரைவீரனையும் இழந்தாரல்லர். அவ்வழிபாடு இன்றும் அங்கு நிலவுகின்றது.

இம்மக்களின் பிள்ளைகள் அத்தீவிலேயே பிறந்தவராயினும், அந்நியரே என்று கூறி அரசு நிர்வாகம் வாக்குரிமையை மறுத்தது. 1863இல் கபெஸ்தேரில் பிறந்த ஆன்றி சிதம்பரம் என்பார் இதனை எதிர்த்து 1904இல் வழக்காடத் தொடங்கினார். வாளெடுத்தாரல்லர், சட்டத்தையே ஆயுதமாகக் கொண்டார். ஏறத்தாழ இருபதாண்டுகள் சோர்விலாது போராடி, 1923இல் தம் மக்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையை நிலைநாட்டினார். அந்நாளில் நம் சென்னை மாகாணத்திலோ, சொத்தும் வரியும் உடையோருக்கே பெரும்பாலும் வாக்குரிமை இருந்தது. நம் குடிசைகளில் வாழ்ந்தோர்க்கு அது 1950ஆம் ஆண்டின் அரசியல் சட்டத்தால் கிடைத்தது.

1946 முதல் குவாதலூப் பிரான்சின் ஒரு மாவட்டமாக உள்ளது, தனிநாடன்று. அங்கு இந்திய வழிவந்தோர் ஆசிரியராய், மருத்துவராய், மக்கள் பிரதிநிதிகளாய் விளங்குகின்றனர்.

அன்பார்ந்த மாணவச் செல்வங்களே! கைநாட்டிட்டவரின் வழித்தோன்றல் சட்டத்தைக் கற்றுத் தம் இனத்தை நிமிரச் செய்தார். நம் கல்விக் கழகம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில் நாம் கொள்ளத்தக்க பாடம் இதுவே: உரிமையை ஈட்டித் தருவதும் கல்வி, ஈட்டிய உரிமையைக் காப்பதும் கல்வியே.