பீரங்கி கொடுத்த குறி

அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஒரு தொழிற்கூடத்தில் எஞ்சினைச் சோதனை மேடையில் ஏற்றி ஓட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் உருளைக்குள் அழுத்தம் கணத்துக்குக் கணம் மாறுகிறது. கணிப்பொறியில் செருகிய ஓர் அட்டை அதை வினாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து பதிந்துகொள்கிறது. எந்தக் கணத்தில் அளக்கத் தொடங்குவது என்பது மட்டும் அட்டைக்குத் தானாகத் தெரியாது. எஞ்சினின் சுழல்தண்டு குறித்த நிலைக்கு வந்ததும் அங்கிருந்து ஒரு மின்துடிப்பு வந்து சொல்லவேண்டும். வெளியிலிருந்து வரும் இக்குறிக்கு ‘ட்ரிக்கர்’ என்று பெயர்.

கணிப்பொறி இல்லாத காலத்திலேயே, அம்பத்தூருக்குத் தென்கிழக்கே நுங்கம்பாக்கத்தில் இப்படி ஒரு குறியை நம்பி அளவெடுத்திருக்கிறார்கள்.

அங்கே 1792-இல் எழுந்தது சென்னை வானாய்வு நிலையம். அதன் வானியலறிஞர் ஜான் கோல்டிங்காம் 1820, 1821-ஆம் ஆண்டுகளில் ஒலியின் வேகத்தை அளக்க முற்பட்டார். அந்நாளில் அது பெரிய வழக்கு! நியூட்டன் கணக்கிட்ட வேகம், அளந்து கண்டதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. ஒலி பரவும்போது காற்று அமுங்கிச் சூடேறுவதே காரணம் என்று 1816-இல் லாப்லாஸ் திருத்தம் சொன்னார். வெப்பநாட்டு அளவுகளுக்கு மதிப்பு இருந்தது.

கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலையும் மாலையும் பீரங்கி வெடிப்பது படையினர் வழக்கம். நிலையத்திலிருந்து கோட்டைப் பீரங்கி 13,932 அடி. மலைப் பீரங்கி 29,547 அடி. வெடித்த நேரத்தை அங்கே ஒருவரும் கேட்ட நேரத்தை இங்கே ஒருவரும் குறிப்பதென்றால், இரு கடிகாரங்களும் வினாடியின் சிறு பகுதிவரை ஒத்திருக்கவேண்டும். தந்திகூட இல்லாத காலத்தில் அது நடக்கிற காரியமா? பீரங்கியின் ஒளி அத்தொல்லையைத் தீர்த்தது. மலையிலிருந்து ஒளி வந்துசேர வினாடியில் ஏறக்குறைய 33,000-இல் ஒரு பங்கே ஆகும். ஒளி தெரிந்ததும் எண்ணத் தொடங்கி, ஓசை கேட்டதும் நிறுத்தினால் போதும். கடிகாரம் ஒன்றே ஒன்று. கோட்டை ஓசைக்குச் சுமார் 12 வினாடி, மலை ஓசைக்குச் சுமார் 26.

இங்கே அட்டையின் இடத்தில் இருந்தவன் மனிதன். ஒளியைக் கண்டு எண்ணத் தொடங்க அவனுக்குச் சற்றுத் தாமதம். ஓசையைக் கேட்டு நிறுத்தவும் தாமதம். இரண்டும் சமமானால் பிழை இல்லை. ஆனால் ஒளி திடீரென்று வருகிறது; ஓசையையோ காத்திருந்து கேட்கிறோம். சமமாகுமா? இதில் 0.2 வினாடி பிசகினால், கோட்டைக் கணக்கில் வேகம் 19 அடி தவறும். மலைக் கணக்கில் 9 அடிதான். தூரத்துப் பீரங்கியின் அருமை இது.

முடிவுகள் 1823-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தன. வினாடிக்கு டிசம்பரில் சுமார் 1,100 அடி, ஜூலையில் சுமார் 1,160 அடி. வெப்பம் 1 பாகை செல்சியஸ் கூடினால் ஒலியின் வேகம் 2 அடி கூடும். சென்னையில் அவ்விரு மாதங்களுக்கும் சராசரி வேறுபாடு 6 பாகை அளவுதான். கணக்குப்படி 12 அடிதானே கூடியிருக்கவேண்டும்? மீதியில் காற்று வீசிய திசைக்கும் ஈரத்துக்கும் பங்கு உண்டு. எண்ணியவரின் கண்ணுக்கும் காதுக்கும் கொஞ்சம் உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.