மருத்துவ நிதி: மருந்துக் கிடங்கா, காப்பீட்டு அட்டையா?

2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, அரசின் மருத்துவச் செலவை 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவதை இலக்காக அறிவித்தது. கொரோனாத் தொற்று தொடர்ந்த 2021-22இல்கூட அது 1.84 விழுக்காட்டைத்தான் எட்டியது என்கின்றன தேசிய சுகாதாரக் கணக்குகள். அவ்வாண்டில் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் தம் கைப்பணத்திலிருந்தே செலுத்தினர். பணம் குறைவு என்பது உண்மை. அந்தக் குறைந்த பணத்தை எதில் இடுவது என்று எடுக்கப்படும் முடிவையே நாம் இங்குக் கவனிக்கிறோம். யாருடைய நோய் கணக்கில் வருகிறது என்பதை அம்முடிவே தீர்மானிக்கிறது.

தமிழ்நாடு இரு வேறு முடிவுகளை எடுத்தது. முதலாவது, 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மருந்துகளை வணிகப் பெயரில் அல்லாமல் மூலப்பெயரில், மாநிலம் முழுமைக்கும் ஒரே ஒப்பந்தப்புள்ளியில் மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைப்பது அதன் முறை. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் போன்ற ஒன்று உண்டு. அதில் குறித்த தொகைக்குள் தனக்குத் தேவையான மருந்தைக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இதே வழியில் கழகங்களை அமைத்தன. ஊரக ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூலித் தொழிலாளி ஒருவர் காசு கொடுக்காமல் மாத்திரை பெறுவதன் பின்னணியில் இந்த ஏற்பாடு இருக்கிறது.

இரண்டாவது, 2009இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டம். 2012இல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாயிற்று. 2018இல் ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. இதை நாம் இகழவில்லை. விற்பதற்கு நிலமற்ற குடும்பம் இதய அறுவைக்குப் பணம் திரட்ட வட்டிக்காரரிடம் போகவேண்டும். பல ஊர்களில் கடன் தருபவரும் வேலை தருபவரும் ஒருவரே. அந்தப் பிடியிலிருந்து அட்டை சிலரையேனும் காத்திருக்கிறது.

ஆனால் அட்டை பெரும்பாலும் பட்டியலிடப்பட்ட உள்நோயாளிச் சிகிச்சைகளுக்கே பயன்படும். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் அன்றாடம் விழுங்கும் மாத்திரை, காய்ச்சல், பேருந்துக் கட்டணம், இழந்த நாள்கூலி ஆகியவை அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. சேரிக் குடும்பங்களைச் சிறிது சிறிதாக அரிக்கும் செலவுகள் இவைதாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இவ்விடைவெளியில் ஒரு பகுதியை நிரப்ப முயல்கிறது. அது 1994இன் பாதையைச் சேர்ந்தது என்றே கருதுகிறோம். மேலும், தனியார் மருத்துவமனைக்குச் செல்லும் காப்பீட்டுப் பணம் சிகிச்சையோடு தீர்ந்துவிடுகிறது. அரசு மருத்துவமனைக்குச் செல்வது கட்டடமாகவும் கருவியாகவும் அடுத்த நோயாளிக்கும் எஞ்சக்கூடும்.

சிக்கனத்தின் பெயரால் எடுக்கப்பட்ட இன்னொரு முடிவு அதிகம் பேசப்படுவதில்லை. மருத்துவமனைத் துப்புரவு, காவல் பணிகள் ஒப்பந்த நிறுவனங்களிடம் சென்றுள்ளன. நிரந்தரப் பணியிடம் மறையும்போது இடஒதுக்கீட்டுச் சுழற்சியும் மறைகிறது. (துப்புரவில் மட்டும் எந்த ஒதுக்கீடும் இன்றியே நம்மவர் நிறைந்திருப்பர்.)

மாணவர்கள் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்த் தம் மாவட்டத்திற்கு மூன்று கேள்விகள் கேட்கலாம்: காப்பீட்டுத் தொகையில் அரசு மருத்துவமனைகள் பெற்றது எவ்வளவு, தனியார் பெற்றது எவ்வளவு? உள்ளூர் சுகாதார நிலையத்தில் கடந்த ஆண்டு எந்தெந்த மருந்து எத்தனை நாள் இருப்பில் இல்லை? துப்புரவு ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட நாள்கூலி என்ன? மூன்றாவது விடை கிடைத்ததும், அதை எடுத்துக்கொண்டு அங்குப் பணிபுரியும் அக்காக்களிடம் அவர்கள் கையில் பெறும் தொகையைக் கேட்டு ஒப்பிடலாம்.