வாகன வண்ணமும் சாலைப் பாதுகாப்பும்: ஒரு வரலாற்றுப் பார்வை

வாகனத்தின் நிறம் நெடுங்காலம் விலையையும் விருப்பத்தையும் சார்ந்த ஒன்றாகவே கருதப்பட்டது. ஒரு வண்டி மற்றவர் கண்ணில் எவ்வளவு விரைவாகப் படுகிறது என்பதற்கும் அதன் நிறத்துக்கும் உள்ள தொடர்பு 20ஆம் நூற்றாண்டில்தான் முறையாக ஆராயப்பட்டது. கார் வாங்குவோர் பலரும் கேட்கும் "பாதுகாப்பான நிறம் எது?" என்ற கேள்விக்கு, இந்த வரலாறு ஒரே ஒரு நிறத்தை விடையாகச் சொல்வதில்லை. பின்புலம், வெளிச்சம், பார்ப்பவரின் பழக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தே நிறத்தின் பயனைத் தீர்மானிக்கின்றன.

கறுப்புக் கார்களின் காலம்

ஃபோர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' கார் 1908இல் வெளிவந்தபோது பல நிறங்களில் கிடைத்தது. 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே தயாரிக்கப்பட்டது. கறுப்புப் பூச்சு மலிவானது, நீடித்து உழைப்பது. ஒரே நிறமாக இருந்ததால் தொழிற்சாலை வேலையும் எளிதாயிற்று. இம்முடிவில் சாலையில் பிறர் கண்ணுக்குத் தெரிவது பற்றிய கவலை இடம்பெறவில்லை.

1920களில் டூபாண்ட் நிறுவனம் 'டூகோ' என்னும் விரைவில் உலரும் பூச்சை அறிமுகப்படுத்தியது. வாரக்கணக்கில் நடந்த வண்ணம் பூசும் வேலை சில மணி நேரத்துக்குள் அடங்கியது. அதன்பின் பல நிறக் கார்கள் தெருவுக்கு வந்தன. அப்போதும் நிறத்தைத் தேர்ந்தெடுத்தது விற்பனை நோக்கமே.

கண்ணும் நிறமும்

பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தை மிக எளிதில் உணர்கிறது. அந்த ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 555 நானோமீட்டர். வெளிச்சம் குறையும்போது இந்த உச்சம் நீலப் பச்சையை நோக்கி நகர்ந்து, 507 நானோமீட்டர் அளவுக்கு வருகிறது. செக் நாட்டு அறிவியலாளர் யான் புர்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டறிந்த இம்மாற்றம் 'புர்கின்யே விளைவு' எனப்படுகிறது. பகலில் பளிச்சென்று தெரியும் சிவப்பு, அந்திப் பொழுதில் ஏறக்குறைய கறுப்பாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

பள்ளிப் பேருந்தின் மஞ்சள்

பாதுகாப்பை முன்னிறுத்தி நிறம் தேர்ந்தெடுத்ததற்கு மிகச் சிறந்த சான்று அமெரிக்கப் பள்ளிப் பேருந்து. 1930களில் அந்நாட்டின் கிராமப்புறக் குழந்தைகள் பலவித நிறங்களும் அமைப்புகளும் கொண்ட வண்டிகளில் பள்ளிக்குச் சென்றனர். சில இடங்களில் குதிரை வண்டிகளும் இருந்தன. 1939 ஏப்ரலில் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியின் பேராசிரியர் ஃபிராங்க் சையர் இதற்காக ஒரு மாநாட்டைக் கூட்டினார். ஏழு நாள் நடந்த அம்மாநாட்டில் 44 தர விதிகள் வகுக்கப்பட்டன.

அவற்றுள் ஒன்று நிறம். எலுமிச்சை மஞ்சள் முதல் அடர்ந்த செம்மஞ்சள் வரையான நிறப் பட்டைகளைச் சுவரில் தொங்கவிட்டு, ஆரஞ்சுச் சாயல் கொண்ட ஒரு மஞ்சளைத் தேர்ந்தெடுத்தனர். விடியற்காலையின் அரையிருளிலும் அதன்மேல் கறுப்பு எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. காலப்போக்கில் அந்த மஞ்சளைக் கண்டாலே ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைக்கும் பழக்கமும் உருவாயிற்று. தமிழ்நாட்டிலும் பள்ளிப் பேருந்துகள் மஞ்சள் நிறத்திலேயே ஓடுகின்றன.

தீயணைப்பு வண்டியும் மரபும்

சிவப்பு நிறம் இருளில் மங்குவதைச் சுட்டிக்காட்டி, 1970களில் அமெரிக்காவின் பல தீயணைப்புத் துறைகள் எலுமிச்சை மஞ்சளுக்கு மாறின. கண்பார்வை வல்லுநர் ஸ்டீபன் சாலமனும் உளவியலாளர் ஜேம்ஸ் கிங்கும் டல்லஸ் நகரத் தீயணைப்பு வண்டிகளின் விபத்துகளை ஆராய்ந்து 1995இல் முடிவை வெளியிட்டனர். பார்வைக்குத் தெரிவதோடு தொடர்புடைய விபத்துக்கான வாய்ப்பு, எலுமிச்சை மஞ்சளும் வெள்ளையும் கொண்ட வண்டிகளைவிடச் சிவப்பு வண்டிகளுக்கு மூன்று மடங்கு வரை இருக்கலாம் என்றனர்.

ஆனால் மக்கள் மனத்தில் தீயணைப்பு வண்டி என்றால் சிவப்பு. பல துறைகள் மீண்டும் சிவப்புக்கே திரும்பின. ஒரு வண்டி கண்ணில் பட்டால் மட்டும் போதாது, அது இன்ன வண்டி என்று உடனே புரியவும் வேண்டும். பூச்சின் நிறத்தோடு, ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டைகளையும் பயன்படுத்தும் வழக்கம் இதனால் வலுப்பெற்றது.

கார்கள் பற்றிய ஆய்வுகள்

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு, வெள்ளைக் கார்களைவிட வெள்ளி நிறக் கார்களில் கடுமையான காயம் நேரும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதி என்றது. 2007இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. கறுப்பு, சாம்பல், வெள்ளி, நீலம், சிவப்பு, பச்சை ஆகியவை வெள்ளையைவிடச் சற்றே கூடுதல் ஆபத்து உடையவை என்றும், வெள்ளையைவிடப் பாதுகாப்பானதாக எந்த நிறமும் நிறுவப்படவில்லை என்றும் அது கண்டது. நிறத்தின் தாக்கம் பகலில்தான் மிகுதி.

இத்தகைய ஆய்வுகளில் ஒரு சிக்கல் உண்டு. சிவப்புக் காரை விரும்புபவரும் வெள்ளைக் காரை விரும்புபவரும் ஒரே மாதிரி ஓட்டுபவர்களாக இருக்கத் தேவையில்லை. அப்படியானால் விபத்துக்குக் காரணம் நிறமா, ஓட்டுநரா?

சிங்கப்பூர் டாக்சிகள் இதைப் பிரித்தறிய உதவின. அங்குள்ள பெரிய டாக்சி நிறுவனம் ஒன்று 4,175 மஞ்சள் கார்களையும் 12,525 நீலக் கார்களையும் ஓட்டியது. ஓட்டுநர்கள் ஒரே நிறுவனத்தவர். இரு நிறக் கார்களின் வேகத்திலும் ஓடிய தூரத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. 36 மாதத் தரவுகளைக் கொண்டு 2017இல் வெளியான ஆய்வின்படி, மஞ்சள் டாக்சிகளுக்கு ஆயிரத்துக்கு மாதம் 6.1 விபத்துகள் குறைவு. நீலக் கார்கள் அனைத்தையும் மஞ்சளாக்கினால் ஆண்டுக்கு 917 விபத்துகள் தவிரும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர்.

நிறத்தின் எல்லை

வெள்ளைக் கார் தார்ச்சாலையில் எடுப்பாகத் தெரியும், பனிமூட்டத்தில் கரைந்துபோகும். எனவே நிறத்தை மட்டும் நம்பாமல் விளக்கைத் துணைகொள்ளும் வழக்கம் பரவியது. சுவீடன் 1977இல் பகலிலும் விளக்கெரிப்பதைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல், புதிய இருசக்கர வாகனங்களில் இயந்திரம் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கு தானாக எரிகிறது. கார் வாங்குவோர் வெளிர்நிறத்தைத் தேர்ந்தால் பகலில் சிறிது நன்மை உண்டு. அடர்நிறக் கார் வைத்திருப்போர் மழையிலும் அந்தியிலும் சற்று முன்னதாகவே விளக்கை எரியவிட்டால், அக்குறையைப் பெருமளவு ஈடுசெய்யலாம்.